உமக்கு எப்ப முடியுது?

பால் பவுடர் டின், இருமல் மருந்து, பிஸ்கட் பாக்கெட், எதை வாங்கினாலும் முதலில் திருப்பிப் பிடித்து அடியில் அச்சடித்திருக்கும் தேதியைத்தான் பார்ப்பேன். கடைக்காரருக்கு எரிச்சல் வரும். "நேத்துதான் சார் சரக்கு வந்துச்சு" என்பார். வந்தது எப்போது என்பது எனக்கு வேண்டாம், முடிவது எப்போது என்று தெரிந்தால் போதும். இந்தப் பழக்கத்தை எனக்கு ஒட்டவைத்தவர் ஒரு டெலக்ஸ் ஆபரேட்டர். அவரை நினைத்தால் இன்றைக்கும் முதலில் வருவது பயம்தான். அன்பு அதற்குப் பின்னால் மெதுவாக வந்து நிற்கும்.

அப்போது அரபு அமீரகத்தின் புஜைராவில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர்கீப்பர். துறைமுகத்துக்கு வெளியே எண்ணெய்க் கப்பல்கள் வரிசையாக நங்கூரம் போட்டு நிற்கும். மாதக்கணக்கில் கரையைப் பார்க்காத அந்த மாலுமிகளுக்கு முட்டைகோஸ், ஆட்டிறைச்சி, குடிதண்ணீர், சிகரெட், ஊர்க் கடிதம் எல்லாம் எங்கள் படகுதான் கொண்டுபோகும். எந்தக் கப்பலுக்கு என்ன வேண்டும் என்ற தகவல், தூரத்தில் அடிப்பதை இங்கே தானே தட்டச்சடிக்கும் டெலக்ஸ் மிஷினில் வரும். அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் 'அண்ணே' என்பேன், அவர் ஊர்க்காரர்கள் 'அண்ணை' என்பார்கள். இங்கே அண்ணை என்றே எழுதுகிறேன். பெயரை எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

ஒல்லியான ஆள். நாற்பது தாண்டியவர். அந்த வெயிலிலும் கழுத்துப் பித்தான் வரை போட்டிருப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுத்தான் எதையும் படிப்பார், அதிலும் பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பொடி எழுத்தைப் படிப்பார். டெலக்ஸ் தவிர அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கம்பெனி ஆட்கள் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் ஓர் இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடக்கும். சாவி அண்ணையிடம். மாதம் பிறந்ததும் யாருக்கு விசா முடிகிறது, யாருக்கு பாஸ்போர்ட் முடிகிறது, யாருக்கு கான்ட்ராக்ட் முடிகிறது என்று ஒரு பட்டியல் அடித்து, அரசாங்க அலுவலகங்களுக்கு அலையும் எங்கள் அரபி பி.ஆர்.ஓ.விடம் கொடுப்பார். அந்தப் பட்டியல் அவர் மண்டைக்குள் எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தது.

மற்றவர்கள் சுகமா, சாப்பிட்டாயா என்று விசாரிப்பார்கள். அண்ணை விசாரிப்பது ஒன்றே ஒன்றுதான். "உமக்கு எப்ப முடியுது?"

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கேட்டார். பெட்டியைக்கூட நான் கீழே வைக்கவில்லை. கல்யாண வீட்டுக்குள் நுழைகிறவனிடம் எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டதுபோல் இருந்தது. நான் முழித்தேன். அவரே என் பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டி, வருஷம், மாதம், நாள் மூன்றையும் சத்தமாகப் படித்துக்காட்டிவிட்டு, "மறந்துபோகாதையும்" என்றார். ராத்திரி அந்தத் தேதியே கண்ணுக்குள் நின்றது.

நாங்கள் எல்லாரும் தங்கியிருந்த கேம்பில் பலர் அவர் எதிரில் வந்தால் வழி மாறிப் போவார்கள். மெஸ் சமையல்காரர் ஒரு மலையாளி. ஒரு நாள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் அண்ணை, "உம்மட பாஸ்போர்ட் மூண்டு மாசத்தில முடியுது, இப்பவே அனுப்பும்" என்றார். சமையல்காரர் கரண்டியை அப்படியே வைத்துவிட்டார். "சாப்பிடுந்ந நேரத்து இது பறயாமோ?" என்று கத்தினார். பயந்துகொண்டே அனுப்பினார். புது பாஸ்போர்ட் வந்து பத்தே நாளில் அவர் அம்மாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்தது. அன்று மதியமே விமானம் ஏறினார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார். திரும்பி வந்தபின் அண்ணையின் தட்டில் எப்போதும் ஒரு மீன் துண்டு கூடுதலாக விழும். ஆனால் பரிமாறும்போது அவர் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். "நல்ல மனுஷன்தான், பட்சே கரிநாக்கு" என்று என்னிடம் சொன்னார். எங்கள் பக்கம் கருநாக்கு என்போம். சொன்னது பலிக்கும் நாக்கு.

சாப்பாட்டிலும் அப்படித்தான். மெஸ்ஸில் கிடைக்கும் பிஸ்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். ஒரே ஒரு நாள் தாண்டியிருந்தால்கூடத் தொட மாட்டார், பாக்கெட்டை மெதுவாக எதிரே தள்ளிவிடுவார். நாங்கள் அதைத் தின்போம். ஒருவனும் சாகவில்லை. ஆனாலும் ஒவ்வொரு கடிக்கும் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொள்வோம்.

எண்பத்தேழாம் வருஷம் ஆகஸ்டில் எங்கள் மேனேஜர் மெஸ் சுவரில் ஒரு பெரிய அட்டையை ஒட்டினார். மேனேஜர் ஓர் அமெரிக்கர். ஆறடிக்கு மேல் உயரம், சிரித்தால் கதவு அதிரும். அவர் நாட்டு ஃபுட்பால் என்றால் அவருக்கு உயிர். பெயர்தான் ஃபுட்பால், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். அமெரிக்காவிலிருந்து வீடியோ கேசட் வந்து சேர மூன்று வாரம் ஆகும், வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் போடுவார். எங்களுக்கு ஒன்றும் புரியாது. ஏசி இருக்கும், டீ கிடைக்கும், போய் உட்காருவோம்.

அட்டையில் இருபத்தெட்டு டீம்களின் படங்கள். செப்டம்பரில் தொடங்கப்போகும் சீசனில் யார் சாம்பியன் என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். பக்கத்துக் கட்டத்தில், இந்த சீசனில் நடக்கப்போகும் ஏதாவது ஒரு விஷயத்தை ஜோசியம்போல் எழுத வேண்டும். ஆகஸ்ட் முடிவதற்குள் எழுதிவிட வேண்டும். இரண்டில் எதையாவது சரியாகச் சொல்கிறவருக்கு ஒரு வாரம் கூடுதல் லீவு. முன்பெல்லாம் தொப்பிதான் பரிசு. லீவு என்றதும் கேம்பே எழுந்து உட்கார்ந்துவிட்டது.

டீம் எதுவும் தெரியாததால் எல்லாரும் படத்தைப் பார்த்துத்தான் எழுதினார்கள். சமையல்காரர் மீன் படம் போட்டதை எழுதினார். படகின் சாரங், அதாவது படகு ஆட்களுக்குத் தலைவர், தூத்துக்குடிக்காரர். அவர் கடற்கொள்ளைக்காரன் படத்தைத் தொட்டு, "கடல்ல கெடக்குறவன் தோக்க மாட்டாம்ல" என்றார். நான் சிங்கத்தைக் காட்டினேன். அமெரிக்கர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணையிடம் கேட்டேன். "எங்கட நாட்டுக் கொடியிலயும் ஒரு சிங்கம் நிக்குது தம்பி. சிங்கத்தைப் பற்றி நான் ஒண்டும் கதைக்கக் கூடாது" என்றார். அவர் பல் தெரியச் சிரித்ததை நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

எனக்கு அந்த ஒரு வாரம் மிகவும் வேண்டியிருந்தது. போன வருஷம் லீவில் போய்வந்தபின் பிறந்தவள் என் மகள். ஏழு மாதம் ஆகியிருந்தது. போட்டோவில்தான் பார்த்திருந்தேன். ஜூனில் கான்ட்ராக்ட் முடிந்தபோது, புதிதாக இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டால் நவம்பரில் லீவு என்றார்கள். போட்டேன். அன்று அண்ணை மட்டும் என் பேப்பரைப் பார்த்துவிட்டு, "எண்பத்தொன்பது ஜூனோ? கனநாள் தம்பி" என்று தலையாட்டினார். எனக்குக் கோபம் வந்தது. இனிமேல் இந்த மனுஷனிடம் எதையும் காட்டக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அட்டை ஒட்டிய சில நாளில் கடலில் கண்ணிவெடி வந்தது. யார் போட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. வடக்கே இரண்டு நாடுகள் வருஷக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அது எங்கள் பக்கம் வராது என்று நம்பிக்கொண்டிருந்தோம். முதலில் ஒரு பெரிய கப்பலில் ஓட்டை விழுந்தது. அதன்பின் ஒரு சப்ளை படகு வெடித்துச் சிதறிவிட்டது. எங்களுடையது இல்லை. ஆனால் அதில் இருந்தவர்கள் படகு கட்டும் எங்கள் ஜெட்டியில் டீ குடித்தவர்கள். முந்தின நாள் என் ஸ்டோரில் ஒருவன் கையுறை கடன் கேட்டான். நாளைக்குத் தருகிறேன் என்றான்.

அந்தத் தகவல் டெலக்ஸில் வந்தபோது நான் அறையில் இருந்தேன். மிஷின் மணியடித்து, தானே தட்டி, தானே நின்றது. அண்ணை தாளைக் கிழித்துப் படித்தார். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளவில்லை. தாளைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தார். "எத்தினை பேர் எண்டு போடேல்லை" என்றார்.

அதற்குப் பிறகு கடலைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆமை தலை தூக்கினால் பயம். காலி டிரம் மிதந்தால் பயம். ஒரு நாள் ஜெட்டி ஓரம் ஒரு முழுத் தர்பூசணி உருண்டு உருண்டு மிதந்தது. அதைப் பார்த்த படகுக்காரர்கள் தண்ணீர்க் குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் ஸ்டோருக்குள் புகுந்துகொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. நானும் அவர்களோடு மூட்டைகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டுதான் இருந்தேன்.

ஆட்கள் சோர்ந்துபோவதைப் பார்த்து அமெரிக்கர் அட்டையைப் பற்றியே அதிகம் பேசினார். எழுதாதவர்கள் எழுதுங்கள் என்று விரட்டினார். எழுதாதவர் அண்ணை ஒருவர்தான்.

நான் வெட்கத்தைவிட்டு அவரிடமே போனேன். அமெரிக்காவிலிருந்து ஸ்பேர் பார்ட் வரும்போது பழைய செய்தித்தாள்களைச் சுருட்டித் திணித்து அனுப்புவார்கள். பெட்டியை நான் பிரித்ததும் அண்ணை வந்து அந்தக் கசங்கல்களை எடுத்துப் போவார், உள்ளங்கையால் நீவி நீவிப் படிப்பார். அன்றும் அப்படி ஒன்றை மேஜையில் விரித்துவைத்திருந்தார்.

"அண்ணே, எந்த டீம் ஜெயிக்கும்னு பாத்துச் சொல்லுங்க. ஒரு வாரம் கிடைச்சா பாப்பாவோட இருப்பேன்."

"ஆர் வெல்லுவான் எண்டு எனக்கெப்பிடித் தெரியும்? நான் அந்த விளையாட்டை ஒரு நாளும் பாக்கேல்லை" என்றார். பிறகு ஒரு மூலையில் விரலை வைத்தார். "ஆனா இதைப் பாரும். ஆடுறவங்களுக்கும் முதலாளிமாருக்கும் எழுதின ஒப்பந்தம் இந்த மாசம் முப்பத்தோராந் திகதியோட முடியுது. புதுசு இன்னும் எழுதேல்லை. ஆட்டம் தொடங்கிறது செப்டம்பர்ல. முடிஞ்ச கடதாசியோட ஆர் தம்பி மேல விழுந்து எலும்பு முறிப்பான்?"

"ஆடலேன்னா?"

"வேற ஆக்களை இறக்குவாங்கள். அந்தச் சட்டையள் கிடக்கும்தானே. சட்டைக்கு ஆளா இல்லை?"

அவர் எழுந்து மெஸ்ஸுக்குப் போனார், நானும் கூடவே போனேன். முதல் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு இரண்டாவதில் ஆங்கிலத்தில் எழுதினார். 'ஆடுபவர்கள் ஆடமாட்டார்கள். அவர்கள் சட்டையில் வேறு ஆட்கள் ஆடுவார்கள்.' திரும்பி வரும்போது ஜெட்டியில் எங்கள் படகு நின்றது. சாரங் ஆரஞ்சு நிற முழு உடுப்போடு கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணை நின்று பார்த்தார்.

"எங்கட படகுக்காரருக்கும் செப்டம்பர் முப்பதில முடியுது" என்றார்.

சொல்லிவிட்டு டெலக்ஸ் அறைக்குப் போய்விட்டார்.

அட்டையைப் பார்த்த அமெரிக்கர் அண்ணையின் தோளில் தட்டி, இப்படி நடக்கவே நடக்காது, நடந்தால் தன் தொப்பியைத் தின்பதாகச் சொன்னார். செப்டம்பரில் சீசன் தொடங்கியது. இரண்டு வாரம் ஒழுங்காக நடந்தது. மூன்றாவது வாரம் ஆட்டம் இல்லை. ஆட்டக்காரர்கள் ஸ்டிரைக். அந்த டெலக்ஸை அண்ணையே கொண்டுபோய் அமெரிக்கரிடம் கொடுத்தார். அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. லாரி ஓட்டுகிறவன், ஹோட்டல் வாசலில் நிற்கிறவன், பள்ளிக்கூடத்தோடு ஆட்டத்தை விட்டவன் என்று யார் யாரையோ பிடித்து, அதே சட்டையை மாட்டி இறக்கிவிட்டார்கள்.

அமெரிக்கர் அந்தத் தாளோடு மெஸ்ஸுக்கு வந்து அட்டையில் அண்ணையின் கட்டத்தை இன்னொரு தடவை படித்தார். "உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தேதி போட்டிருந்தது சார்" என்றார் அண்ணை.

அவ்வளவுதான். அன்றிலிருந்து கேம்பில் அண்ணையோடு யாரும் ஒரே மேஜையில் உட்காரவில்லை. சமையல்காரர் ஒரு நாள் அவரிடம் நாக்கை நீட்டச் சொன்னார், கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க. விளையாட்டுக்குத்தான் கேட்டார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் விளையாட்டு இல்லை. அண்ணை நாக்கை நீட்டிக் காட்டினார். எல்லாருடையதையும் போல சிவப்பாகத்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் எங்களுக்குப் பயம் இன்னும் கூடியது.

செப்டம்பர் முப்பதும் வந்தது. சாரங்கும் அவர் ஆட்களும் புதுப் பேப்பரில் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். "கடல் சுத்தமாவட்டும் சார், பொறவு பாப்போம். இப்ப கலாஸ், முடிஞ்சுது" என்றார் சாரங். ஆரஞ்சு உடுப்புகளை மடித்து என் ஸ்டோரில் கொண்டுவந்து வைத்தார்கள். நடுக்கடலில் கப்பல்கள் தண்ணீர் கேட்டு டெலக்ஸ் அடித்துக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் ஆபீசிலிருந்து எனக்குத் தகவல் வந்தது: ஆறு உடுப்புகளைத் துவைத்துத் தயாராக வைக்கவும்.

சாரங்கின் உடுப்பைக் கையில் எடுத்தேன். கழுத்துப் பட்டைக்குள் மையால் அவர் பெயர் எழுதியிருந்தது. அப்போதுதான் அண்ணை எழுதிய இரண்டாவது வரி எனக்குப் புரிந்தது. உடுப்பை மூட்டைமேல் போட்டுவிட்டு விலகி நின்றேன்.

படகுக்கு கேப்டனும் இன்ஜின்காரரும் இருந்தார்கள். கயிறு பிடிக்க, சாமான் தூக்க, முன்னால் நின்று தண்ணீரில் ஏதாவது மிதக்கிறதா என்று பார்க்க ஆறு பேர் வேண்டும். கரையில் வேலை செய்கிறவர்களில் இருந்து எடுப்பார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். கான்ட்ராக்ட் இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் மிச்சம் இருப்பவர்களாக இருக்க வேண்டும். அமெரிக்கர் அண்ணையைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் எல்லார் தேதியும் தெரியுமே. ஆறு பேரை அனுப்பு" என்று சொல்லிவிட்டார். அவருக்கும் அந்தப் பெயர்களைத் தன் கையால் எழுதப் பயம் என்று நினைக்கிறேன்.

நான் டெலக்ஸ் அறைக்கு ஓடினேன். அண்ணை இரும்பு அலமாரியைத் திறந்துவைத்திருந்தார்.

"அண்ணே, எத்தனை பேரு தேறுது?"

"வடிவாப் பாத்திட்டன். சரியா ஆறு பேர்."

"நானும் உண்டா?"

அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "உமக்கு எப்ப முடியுது தம்பி?"

"எண்பத்தொன்பது ஜூன்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "பாப்பாவ இன்னும் கையால தொடலண்ணே. நீச்சல் தெரியாது. நவம்பர் வரைக்கும் உயிரோட இருந்தாப் போதும்." இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். அவர் காலைப் பிடிக்கப் போனேன் என்பதை எழுதாவிட்டால் இந்தக் கதையில் அர்த்தம் இல்லை.

"எழும்பும். போய் உடுப்பைத் தோயும்" என்றார்.

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டியல் மெஸ் சுவரில், ஃபுட்பால் அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டது. எனக்குக் கிட்டே போக தைரியம் இல்லை. சமையல்காரர்தான் போய்ப் படித்துவிட்டு வந்தார். "நின்றெ பேரு இல்லா" என்றார். "ஆறாமத்தது அண்ணனாணு."

பட்டியலுக்குக் கீழே, எல்லார் தேதியையும் அடித்து இன்சூரன்ஸுக்கு அனுப்பிய டெலக்ஸின் நகல் இருந்தது. என் பெயருக்கு நேரே எண்பத்தெட்டு ஜூன் என்று இருந்தது. ஒரே ஓர் இலக்கம். ஒன்பதுக்குப் பதில் எட்டு. ஒரு வருஷம் குறைந்ததால் நான் விழுந்துவிட்டேன். அண்ணையின் பெயருக்கு நேரே தொண்ணூறு என்று இருந்தது.

அவரிடம் போனேன். "அண்ணே, என் தேதியில ஒரு தப்பு..."

"இத்தினை வருஷத்தில நான் ஆரின்ரயாவது திகதியைப் பிழையா அடிச்சிருக்கிறனே?"

"இல்லண்ணே."

"அப்ப வாயை மூடிக்கொண்டு போம்."

நான் போனேன். நானே படகில் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வரவில்லை என்று இப்போது எழுதுகிறேன், உண்மையில் வரவிடவில்லை. அறைக்கு வந்து மகளின் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மறுநாள் காலை ஆறு பேரும் உடுப்பு வாங்க ஸ்டோருக்கு வந்தார்கள். அண்ணைக்கு சாரங்கின் உடுப்புதான் வந்தது. இரண்டு அண்ணைகள் அதற்குள் புகலாம், அவ்வளவு தொளதொளப்பு. கழுத்துப் பித்தான் வரை போட்டுக்கொண்டார். லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்தேன். கட்டத் தெரியாமல் கையில் வைத்து நாடாக்களைப் புரட்டினார். "எனக்கும் நீந்தத் தெரியாது தம்பி. கடல் எண்டாலே பயம்" என்றார். நான் கட்டிவிடக் கிட்டே போனேன். அதற்குள் அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, ஜாக்கெட்டின் ஓரத்தில் தைத்திருந்த சின்னத் துணிச் சீட்டைத் தேடிப் பிடித்துப் படித்தார்.

ஸ்டோர்கீப்பர் நான். அந்தச் சீட்டை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"முடிஞ்சு ஒண்டரை வருஷம்" என்றார்.

வேறு ஜாக்கெட் எடுக்கத் திரும்பினேன். எல்லாம் ஒரே தடவையில் வாங்கியவை, எல்லாவற்றிலும் அதே தேதிதான். ஒரு நாள் தாண்டிய பிஸ்கட்டைத் தொடாத மனுஷன் அதைத் தலைவழியாக மாட்டிக்கொண்டார்.

"பரவாயில்லை தம்பி. ஒண்டரை வருஷம் தாண்டினாலும் மிதக்கும். எனக்குத் தெரியும்."

படகு போயிற்று. அவரை முன்பக்கம் நிறுத்தியிருந்தார்கள், பொடி எழுத்துப் படிக்கிற கண் என்று. தினமும் காலையில் போவார்கள், மதியத்துக்கு மேல் வருவார்கள். நான் ஸ்டோர் வாசலிலேயே நிற்பேன். ஆரஞ்சுப் புள்ளிகளை எண்ணுவேன். ஆறு இருந்தால் உள்ளே போய் உட்காருவேன். எங்காவது ஒரு கதவு அடித்துச் சாத்தினால் ஜெட்டி முனைக்கு ஓடுவேன். அவர் இறங்கி வருவார், ஜெட்டி ஓரத்தில் வாந்தி எடுப்பார், முகம் கழுவிக்கொண்டு டெலக்ஸ் அறைக்குப் போய்விடுவார். ஒரு நாள் மட்டும் என்னைப் பார்த்து, "இண்டைக்கு ஒரு செருப்பு மிதந்துது. அந்தச் செருப்பில என்ர உயிர் போய் வந்துது" என்றார். நான் கண்ணை எடுத்துக்கொண்டேன். அவரைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. என்னைக் காப்பாற்றியவரை இப்படி யாராவது ஒளிந்து ஒளிந்து தவிர்ப்பார்களா? நான் தவிர்த்தேன்.

அமெரிக்காவில் ஸ்டிரைக் முடிந்து பழைய ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குத் திரும்பினார்கள். எங்கள் கடலுக்குக் கண்ணிவெடி வாரும் கப்பல்கள் வந்தன. சாரங்கும் ஆட்களும் கையெழுத்துப் போட்டு உடுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆறு பேரும் முழுசாகக் கரைக்கு வந்துவிட்டார்கள். அமெரிக்கர் தொப்பியைத் தின்னவில்லை, ஆனால் சீசன் முடியும்வரை காத்திருக்காமல் பரிசு அண்ணைக்குத்தான் என்று அறிவித்தார். எந்தத் தேதியிலிருந்து லீவு வேண்டும் என்று கேட்டார்.

"எனக்கு லீவு வேண்டாம் சார். ஸ்டோர் தம்பியின் லீவோடு சேர்த்துவிடுங்கள்" என்றார் அண்ணை.

நாலு வருஷமாக அவர் ஊருக்கே போகவில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஊர் நிலைமை அப்படி என்று நினைத்துக்கொண்டோம். அந்த அக்டோபரில் அவர் ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது.

நவம்பரில் நான் புறப்பட்ட அன்று அலமாரியைத் திறந்து என் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். "உமக்கு எண்பத்தொன்பது ஜூன்" என்று மெதுவாகச் சொன்னார். நான் சிரித்தேன். கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

மகளோடு ஒரு மாதமும் ஏழு நாளும் இருந்தேன். கடைசி ஏழு நாளில்தான் அவள் என்னைக் கண்டு அழாமல் கையை நீட்டினாள்.

திரும்பி வந்தபோது டெலக்ஸ் அறையில் ஒரு கோவாக்காரர் உட்கார்ந்திருந்தார். சமையல்காரர் என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துப்போய்ச் சொன்னார். புதிதாக வந்த பி.ஆர்.ஓ. அலமாரியைத் திறந்து, பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாஸ்போர்ட்டாகச் சரிபார்த்திருக்கிறார். பட்டியலில் இல்லாத பாஸ்போர்ட் ஒன்று அடியில் இருந்தது. அண்ணையுடையது. மாதாமாதம் எல்லாருக்கும் தேதி அடித்தவர் தன் பெயரை மட்டும் ஒரு நாளும் அடித்ததில்லை. அது முடிந்து ஒன்றரை வருஷம் தாண்டிவிட்டது. புதுப்பிக்க ஊரிலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்று தூதரகத்தில் சொன்னார்களாம். கடிதம் தரவேண்டிய ஆபீஸ் இருந்த தெருவே இப்போது இல்லையாம். தொண்ணூறு என்று அவர் அடித்ததும் பொய். அந்தப் படகு வெடித்திருந்தால் இன்சூரன்ஸில் அவர் பெயரே நின்றிருக்காது.

அமெரிக்கர் போலீசுக்குச் சொல்லவில்லை, பத்து நாள் அவகாசம் கொடுத்தார். ஆறாம் நாள் காலையில் அண்ணையின் கட்டில் காலியாக இருந்தது. ஓமானில் சலாலா பக்கம் போய்விட்டார் என்று சிலர் சொன்னார்கள். கப்பல் ஏறிவிட்டார் என்றார்கள் சிலர். இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கேயோ வேறு தேதியோடு இருக்கலாம் என்றுதான் பெயரை எழுதவில்லை.

ஸ்டோருக்குப் போனேன். அவர் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. சீட்டைத் திருப்பித் தேதியைப் படித்தேன். ஒன்றரை வருஷம் தாண்டினாலும் மிதக்கும் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போது விளங்கியது. எங்கள் கேம்பில் இருந்த அத்தனை பேரிடமும் அவர் ஒரு கேள்வி கேட்டார். அத்தனை பேரும் பயந்து ஓடினோம். திரும்பி நின்று, "உங்களுக்கு எப்பண்ணே முடியுது?" என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.